பூக்கும் காலமும் புகைப்படக் கலையும்

சிங்கப்பூரில் இளவேனில், கோடை, இலையுதிர்காலம், குளிர்காலம் எனப் பருவங்கள் மாறி மாறி வருவதில்லை. ஆண்டு முழுவதும் வெயிலும் மழையுமே நாம் அறிந்தவை. ஆயினும், நம் சாலையோர மரங்கள் சில நாள்களுக்கு நமக்கும் ஒரு வசந்தத்தைக் காட்டிச் செல்கின்றன. சில வாரங்கள் வறண்ட வானிலை நீடித்து, அதன்பின் நல்ல மழை பெய்தால் 'டிரம்பெட்' மரங்கள் பூத்துக் குலுங்கும். பெரும்பாலும் ஏப்ரல் மாதத்தை ஒட்டியும் ஆகஸ்டு மாதத்தை ஒட்டியும் இந்தக் காட்சியைக் காணலாம். எக்காளம் போன்ற வடிவமுடைய அந்தப் பூக்கள் வெண்மை முதல் அடர்ந்த இளஞ்சிவப்பு வரை பல சாயல்களில் மலரும். அண்டை நாடான மலேசியாவில் இதே மரத்தைத் 'தெக்கோமா' என்று அழைக்கிறார்கள்.

பலர் இதனைச் 'சிங்கப்பூரின் சக்குரா' என்று செல்லமாகச் சொல்வதுண்டு. ஆனால், ஜப்பானின் சக்குரா மரத்திற்கும் இதற்கும் உறவில்லை. டிரம்பெட் மரத்தின் தாயகம் மெக்சிகோ முதல் தென்னமெரிக்காவின் வடபகுதி வரையுள்ள வெப்பமண்டல நிலம். எல் சால்வடோர் நாட்டின் தேசிய மரமும் இதுவே.

இந்த மரங்கள் பூக்கும் நாள்களில் நடைபாதைகளில் நின்று கைத்தொலைபேசியை உயர்த்திப் படமெடுப்போர் பலர். எடுத்த படத்தைப் பிறகு பார்க்கும்போது பலருக்கும் ஓர் ஏமாற்றம் உண்டாகிறது. கண்ணுக்கு இளஞ்சிவப்பு மேகமாகத் தெரிந்த மரம், படத்தில் வெளிறிய புள்ளிகளின் கூட்டமாக மட்டுமே தெரிகிறது. மரம் அதே மரம். பூக்களும் அதே பூக்கள். பிறகு எங்கே தொலைந்தது அந்த அழகு?

கண்ணும் கருவியும்

நாம் ஒரு மரத்தைப் பார்க்கும்போது நம் கண் மட்டும் பார்ப்பதில்லை; மனமும் சேர்ந்தே பார்க்கிறது. பூக்களில் மனம் லயித்துவிட்டால் அருகிலுள்ள விளக்குக் கம்பமோ போக்குவரத்துப் பலகையோ நிறுத்தி வைக்கப்பட்ட வாகனங்களோ நமக்குத் தெரிவதே இல்லை. வேண்டாதவற்றை மனம் தானாகவே ஒதுக்கிவிடுகிறது.

புகைப்படக் கருவிக்கு அப்படிப்பட்ட மனம் கிடையாது. தன்முன் உள்ள அனைத்தையும் அது வேறுபாடின்றிப் பதிவு செய்கிறது. பூவுக்கும் குப்பைத் தொட்டிக்கும் அதனிடம் ஒரே மதிப்புத்தான். ஆகவே, மனம் தானாகச் செய்யும் வேலையை, படமெடுப்பவர் தெரிந்தே செய்யவேண்டியிருக்கிறது. எதைக் காட்டுவது என்று முடிவு செய்வதைவிட எதை விட்டுவிடுவது என்று முடிவு செய்வதே புகைப்படக் கலையின் முதல் பாடம்.

ஓவியர் வெற்றுத் தாளில் தொடங்குகிறார். தமக்கு வேண்டியவற்றை ஒவ்வொன்றாகச் சேர்க்கிறார். புகைப்படக் கலைஞரோ நிறைந்து கிடக்கும் உலகத்தில் தொடங்குகிறார். வேண்டாதவற்றை ஒவ்வொன்றாக நீக்குகிறார். வண்ணங்கள் மிகுந்த இடத்தில் இந்த வேலை இன்னும் கடினமாகிறது. ஏனெனில், அங்கே எல்லாமே நம்மை அழைக்கின்றன.

ஒன்றைத் தேர்ந்தெடுத்தல்

படமெடுப்பதற்கு முன்பு நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "இந்தக் காட்சியில் என்னை நிறுத்திய பொருள் எது?" மரத்தின் உருவமா? ஒரு பூங்கொத்தா? பூக்கள் உதிர்ந்து கிடக்கும் புல்தரையா? விடை கிடைத்தவுடன் படத்தில் அந்தப் பொருளுக்கே முதலிடம் கொடுக்க வேண்டும்.

இதற்கு நம் தமிழ்மொழியே ஒரு வழிகாட்டியாக இருக்கிறது. பூவின் ஒவ்வொரு நிலைக்கும் தமிழில் தனித்தனிச் சொற்கள் உள்ளன. பூ தோன்றும் நிலை அரும்பு. விரியத் தொடங்கும் நிலை போது. விரிந்த நிலை மலர். செடியிலிருந்தோ மரத்திலிருந்தோ கீழே விழுந்த நிலை வீ. வாடிய நிலை செம்மல். பொதுவாக, 'பூ' என்று ஒரே சொல்லில் கடந்து செல்பவர் மலர்ந்த பூவை மட்டுமே படமெடுப்பார். இந்த ஐந்து சொற்களையும் அறிந்தவருக்கோ ஒரே மரத்தில் ஐந்து படங்கள் காத்திருக்கின்றன. நுண்மையான சொல்வளம் நுண்மையான பார்வையையும் தருகிறது.

டிரம்பெட் மரத்தின் பூக்கள் உயரமான கிளைகளில் மலர்பவை. கீழே நின்று மேல்நோக்கி எடுத்தால் வெளிறிய வானமே படத்தில் பெரும்பகுதியை அடைத்துக்கொள்ளும். இந்தச் சிக்கலுக்கு இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, மரத்தின் உயரத்திற்கு நாம் செல்வது. அடுக்குமாடி வீட்டின் நான்காவது மாடித் தாழ்வாரத்திலிருந்தோ மேம்பாலத்திலிருந்தோ பார்த்தால் பூங்கொத்துகள் நம் கண்ணுக்கு நேராகவே தெரியக்கூடும். மற்றொன்று, பூவே நம்மிடம் இறங்கி வரும்வரை காத்திருப்பது. மழை பெய்து ஓய்ந்த பிறகு நடைபாதையில் உதிர்ந்து கிடக்கும் வீயையும், தேங்கிய நீரில் தலைகீழாகத் தெரியும் மரத்தையும் எடுத்த படம், மரத்தை முழுமையாக எடுத்த படத்தைவிட அதிகமாகப் பேசும்.

ஒளியை அறிதல்

புகைப்படம் என்பது ஒளியால் எழுதப்படுவது. ஒரே பூவைக் காலையில் எடுத்தால் ஒருவிதமாகவும் நண்பகலில் எடுத்தால் வேறுவிதமாகவும் தோன்றும்.

சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு மிக அருகில் அமைந்திருக்கிறது. ஆகையால், ஆண்டு முழுவதும் சூரியன் ஏறத்தாழக் காலை 7 மணிக்கு உதித்து, மாலை 7 மணிக்கு மறைகிறது. உதித்த சூரியன் சாய்வாக ஊர்ந்து செல்லாமல் விரைவாக மேலே ஏறிவிடுகிறது. அதனால், மென்மையான காலை ஒளி நமக்கு நெடுநேரம் கிடைப்பதில்லை. குளிர்நாடுகளில் வாழும் புகைப்படக் கலைஞர்களைவிட நாம் சுறுசுறுப்பாக இருக்கவேண்டும். ஒன்பது மணிக்குப் பிறகு வெயில் கடுமையாகும். அப்போது இதழ்களின்மீது கண்கூசும் வெண்மையும் இலைகளுக்கடியில் கறுத்த நிழலும் விழும். அவை இரண்டும் சேர்ந்து பூவின் மென்மையைக் கெடுத்துவிடும்.

ஒளி எவ்வளவு இருக்கிறது என்பதோடு, எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதும் முக்கியம். சூரியன் நமக்குப் பின்னால் இருந்தால் நிறம் தெளிவாகத் தெரியும். ஆனால், பூ தட்டையாகத் தோன்றும். பக்கவாட்டிலிருந்து ஒளி விழுந்தால் இதழின் மடிப்புகளும் நரம்புகளும் புலப்படும். சூரியன் பூவுக்குப் பின்னால் இருந்தாலோ மெல்லிய இதழ்களின் ஊடே ஒளி புகுந்து வரும். பூவுக்குள்ளேயே விளக்கு ஏற்றியதுபோல் அது சுடர்விடும். பூவைச் சுற்றி ஓரடி நடந்து பார்த்தாலே இந்த மூன்று தோற்றங்களையும் கண்டுகொள்ளலாம்.

மேகமூட்டமான நாளில் படமெடுக்க முடியாது என்று எண்ணிப் பலர் வீட்டிலேயே இருந்துவிடுகின்றனர். உண்மையில், மேகம் ஒரு பெரிய வெண்திரைபோல் செயல்பட்டு ஒளியை எல்லாப் பக்கமும் சீராகப் பரப்புகிறது. இளஞ்சிவப்பு, வெள்ளை போன்ற மென்மையான நிறங்களுக்கு அந்த ஒளியே பொருத்தமானது. அந்நாள்களில் வெளிறிய வானத்தைச் சட்டகத்திற்குள் வராமல் பார்த்துக்கொண்டால் போதும்.

நிறத்தைக் காப்பாற்றுதல்

ஒளியுணரிக்குத் தானாக நிறத்தைப் பிரித்தறியத் தெரியாது. எவ்வளவு ஒளி விழுந்தது என்பதை மட்டுமே அது அளக்கும். ஆகவே, அதன்மீது மிகச் சிறிய வண்ண வடிகட்டிகளை அடுக்குகின்றனர். நான்கு சிறு கட்டங்களை எடுத்துக்கொண்டால் இரண்டில் பச்சையும் ஒன்றில் சிவப்பும் ஒன்றில் நீலமும் இருக்கும். கோடாக் நிறுவனத்தில் பணியாற்றிய பிரைஸ் பேயர் என்ற அறிவியலாளர் இந்த அமைப்புக்கு 1976ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். நம் கண் நுண்விவரங்களைப் பச்சை ஒளியில் சிறப்பாக உணர்வதால் பச்சைக்கு இரண்டு கட்டங்களை ஒதுக்கினார். இன்றைய பெரும்பாலான கைத்தொலைபேசிகளும் இந்த அடிப்படையிலேயே இயங்குகின்றன.

இதை அறிந்துகொண்டால் ஒரு புதிர் விடுபடும். மலேசியாவின் தேசிய மலரான செம்பருத்தியை நல்ல வெயிலில் எடுத்தால், இதழின் மடிப்புகளும் நரம்புகளும் மறைந்து, சிவப்புச் சாயம் கொட்டியதுபோல் தோன்றும். காரணம் என்ன? சிவப்பு ஒளியை அளக்கும் கட்டங்கள் நிரம்பி வழிந்துவிடுகின்றன. நிரம்பிய குவளையில் மேலும் ஊற்றினால் நீர் கூடுவதில்லை அல்லவா? அதுபோல, நிரம்பிய கட்டத்தாலும் வேறுபாட்டைக் காட்ட இயலாது. அத்தகைய பூக்களை எடுக்கும்போது ஒளியளவைச் சற்றுக் குறைக்கவேண்டும். கைத்தொலைபேசித் திரையில் பூவின்மீது விரலால் தொட்டு, அருகில் தோன்றும் சூரியக் குறியைக் கீழே இழுத்தால் ஒளியளவு குறையும். இதழின் நரம்புகள் மீண்டும் தெரியத் தொடங்கும்.

வெள்ளைப் பூக்களுக்கு வேறொரு சிக்கல் உண்டு. கருவி எந்தக் காட்சியையும் நடுத்தர வெளிச்சமுள்ள காட்சியாகவே கருதிக்கொள்ளும். சட்டகம் முழுவதும் வெள்ளைப் பூக்கள் நிறைந்திருந்தால், "வெளிச்சம் அதிகம்" என்று எண்ணி ஒளியைக் குறைத்துவிடும். பூக்கள் சாம்பல் பூசியதுபோல் மங்கிவிடும். அப்போது ஒளியளவைக் கூட்டவேண்டும். மாறாக, கரும்பச்சை இலைகளுக்கு நடுவே ஒரே ஒரு வெள்ளைப் பூ இருந்தால், "வெளிச்சம் குறைவு" என்று எண்ணி ஒளியைக் கூட்டிவிடும். பூ வெறும் வெண்புள்ளியாகிவிடும். அப்போது ஒளியளவைக் குறைக்கவேண்டும். கருவியின் கணிப்பு எங்கே தவறும் என்பதை அறிந்தவரே கருவியை ஆள்பவர்.

படமெடுத்த பின்னர்ச் செயலிகளின் துணையோடு நிறங்களைத் திருத்துவதும் இன்று எளிது. மங்கிய படத்தைக் கண் கண்ட நிறத்திற்குக் கொண்டுவருவதில் தவறில்லை. ஆனால், வெளிறிய இளஞ்சிவப்பை அடர்ந்த செந்நிறமாக மாற்றினால், அது அந்த மரத்தின் படமாக இருக்காது. அந்தப் படத்தை நம்பி மரத்தைத் தேடி வருபவர், நேரில் காணும் உண்மையான அழகைக் குறைவாக மதித்துத் திரும்பக்கூடும். மிகைப்படுத்திய படம் இயற்கைக்குச் செய்யும் அநீதி அது.

பின்னணியும் பொறுமையும்

நம் மேம்பாலங்களின் இருபுறமும் தொட்டிகளில் செழித்து வளரும் காகிதப்பூச் செடியை அறியாதவர் இல்லை. அதன் ஊதா, செம்மஞ்சள், வெள்ளை நிறப் பகுதிகளைப் பூவிதழ்கள் என்றே பெரும்பாலோர் எண்ணுகிறோம். உண்மையில் அவை நிறம் மாறிய இலைகள். அவற்றின் நடுவே குழல் வடிவில் இருக்கும் மிகச் சிறிய வெண்மைப் பகுதியே பூ. இதை அறிந்தவர் அந்தச் சிறு பூவின்மீது கருவியின் கூர்மையைச் செலுத்துவார். சுற்றியுள்ள நிறம் அதற்குப் பின்னணியாக அமையும். அறிவு பார்வையை மாற்றுகிறது. பார்வை படத்தை மாற்றுகிறது.

நல்ல பின்னணி நல்ல பூவைப்போலவே இன்றியமையாதது. இளஞ்சிவப்புப் பூ வெளிறிய சுவருக்கு முன்னால் கரைந்துபோகும். அதே பூ கரும்பச்சை இலைகளுக்கோ நிழலுக்கோ முன்னால் தனித்து நிற்கும். பூவை நகர்த்த முடியாது. ஆனால், நாம் நகரலாம். இரண்டடி இடப்புறம் தள்ளி நிற்பதும் முழந்தாளிட்டுக் குனிவதும் செலவில்லாத, அதே சமயம் சிறந்த உத்திகள். மிக நெருங்கினால் கைத்தொலைபேசியால் பூவைத் தெளிவாகக் காட்ட இயலாமல் போகலாம். அப்போது சற்றுப் பின்வாங்கி, காட்சியைப் பெரிதாக்கி எடுத்தால் தெளிவு கிடைக்கும்.

இனி, காற்று. அசையும் பூ படத்தில் மங்கிவிடும். இந்தத் தொல்லை புகைப்படக் கலைஞர்களுக்குப் புதிதன்று. பிரான்சைச் சேர்ந்த லூமியேர் சகோதரர்கள் 1907ஆம் ஆண்டில் 'ஆட்டோகுரோம்' என்னும் வண்ணப் புகைப்பட முறையை விற்பனைக்குக் கொண்டுவந்தனர். உருளைக்கிழங்கு மாவின் நுண்துகள்களுக்கு வண்ணம் ஏற்றி, அவற்றைக் கண்ணாடித் தகட்டின்மீது பரப்பி அதைத் தயாரித்தார்கள். அந்தத் தகட்டில் உருவம் பதிய, நல்ல வெயிலிலும் ஒரு நொடியோ அதற்கு மேலோ தேவைப்பட்டது. அதனால், ஓடுவதையும் ஆடுவதையும் அதில் எடுக்க இயலாது. தோட்டங்களும் பூக்களும் அக்காலக் கலைஞர்களுக்கு விருப்பமான காட்சிகளாயின. அவற்றை எடுக்கவும் காற்று அடங்கும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இன்றைய கருவிகள் நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்திலும் படமெடுக்க வல்லவை. எனினும், காத்திருப்பதன் பயன் குறையவில்லை. காற்று ஓயும் ஒரு கணத்தில், கதிர் இலையைத் தொடும் ஒரு கணத்தில், தேன்சிட்டு கிளையில் வந்தமரும் ஒரு கணத்தில் படம் உயிர்பெறுகிறது. 'பதறாத காரியம் சிதறாது' என்னும் பழமொழி புகைப்படக் கலைக்கும் பொருந்தும்.

வண்ணமிகு வீதிகளில்

பூக்களிடம் கற்ற பாடத்தை வண்ணம் நிறைந்த எந்தக் காட்சிக்கும் பயன்படுத்தலாம். லிட்டில் இந்தியாவில் கெர்பாவ் சாலையில் நிற்கும் பழைய சீன மாளிகையை எடுத்துக்கொள்வோம். டான் டெங் நியா என்னும் வணிகரின் பெயரால் அறியப்படும் அந்த வீடு 1900ஆம் ஆண்டில் கட்டப்பட்டது. கதவு, சன்னல், தூண் என ஒவ்வொன்றிலும் இன்று பல நிறங்கள். அனைத்தையும் ஒரே படத்தில் அடைக்க முயன்றால் எந்த நிறமும் மனத்தில் நிற்பதில்லை. ஒரே ஒரு சன்னலை, அதன் இரண்டு மூன்று நிறங்களோடு மட்டும் எடுத்துப் பார்த்தால், வீடு முழுவதையும் அந்தச் சன்னலே சொல்லிவிடும்.

அருகிலுள்ள கேம்பல் லேன் பூக்கடைகளில் மல்லிகையும் செவ்வந்தியும் ரோஜாவும் மாலைகளாகத் தொங்குகின்றன. அங்கே பூவைவிட அழகானவை அதைத் தொடுக்கும் விரல்கள். ஆனால், அந்த விரல்களுக்கு உரியவர் ஒரு மனிதர், காட்சிப் பொருளல்லர். "அண்ணா, படம் எடுத்துக்கொள்ளலாமா?" "அக்கா, உங்கள் கைவேலையைப் படமெடுக்கலாமா?" என்று கேட்டுவிட்டு எடுப்பதே பண்பு. அவர் வேண்டாம் என்றால் நன்றி கூறி விலகுவதும் அதே பண்பின் மறுபாதி.

படத்தைவிடப் பூ பெரிது

நல்ல படம் வேண்டும் என்ற ஆவலில் சிலர் கிளையை உலுக்கிப் பூக்களை உதிரச் செய்கின்றனர். சிலர் பூவைப் பறித்து, வசதியான இடத்தில் வைத்து எடுக்கின்றனர். ஒரு கோணத்துக்காகச் செடிகளை மிதித்துக்கொண்டு பாத்திக்குள் இறங்குவோரும் உள்ளனர். பூங்காக்களில் அனுமதியின்றிப் பூக்களைப் பறிப்பது சட்டப்படி குற்றம். சட்டம் ஒருபுறம் இருக்க, இன்னொன்றையும் நினைத்துப் பார்க்கவேண்டும். டிரம்பெட் மரம் பூத்து நிற்பதே சில நாள்கள்தாம். நாம் ஒரு படத்துக்காக உலுக்கிவிட்ட கிளை, நாளை அவ்வழியே பள்ளிக்குச் செல்லும் சிறுவனுக்கும் சக்கர நாற்காலியில் வரும் மூதாட்டிக்கும் உரிய காட்சியாகும். நமக்கு முன்பே இருந்த அழகு, நாம் சென்ற பிறகும் அப்படியே இருக்கவேண்டும்.

பூத்த மரங்கள் பெரும்பாலும் சாலையோரங்களில் நிற்பதால் பாதுகாப்பையும் மறக்கலாகாது. திரையைப் பார்த்தவாறே பின்னோக்கி நடப்பதும் படத்திற்காகச் சாலையில் இறங்கி நிற்பதும் உயிருக்கே ஆபத்தானவை.

மாணவர்களே, உங்கள் வீட்டருகிலோ பள்ளிக்குச் செல்லும் வழியிலோ உள்ள பூமரம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். டிரம்பெட் மரம்தான் வேண்டும் என்பதில்லை; செம்பருத்தியோ காகிதப்பூவோ போதும். ஐந்து நாள்கள், நாளுக்கு ஒரு படம் மட்டும் எடுங்கள். ஒரே ஒரு வாய்ப்புத்தான் உண்டு என்று தெரிந்தால் விரல் விரையாது; கண் நின்று பார்க்கும். ஐந்தாம் நாள் படங்களை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றின் கீழும் ஒரு வரி எழுதுங்கள். அரும்பு எந்த நாளில் போதானது, மலர் எந்த மழையில் வீயானது என்பதையெல்லாம் அப்போது உங்களால் சொல்ல முடியும். கருவியில் படங்கள் ஐந்துதான் இருக்கும். ஆனால், அந்த மரத்தை நீங்கள் இனி ஒருபோதும் பார்க்காமல் கடந்துபோக மாட்டீர்கள்.